புது அடுப்புக்குக் கரி பூசியது

பருப்பும் பாமாயிலும் தலைக்கு இல்லை,
அட்டைக்கு.
மாசம் ஆயிரம் ரூபாயும் அப்படித்தான்,
ஓர் அட்டைக்கு ஒரு பெண்.
எங்கள் அட்டையில் இரண்டு பெண்கள்,
நானும் என் ஓரகத்தி அமுலுவும்.
ஏழு வாய்க்கு ஒரு கிலோ பருப்பு.

"பிரிஞ்சிடுங்கக்கா," என்றான் இ-சேவைப் பையன்,
காசிமேட்டில் பாதிப் பேரைப் பிரித்துவைத்தவன்.
"ஒரே வூடா இருக்கலாம்.
ஒரே அடுப்பா இருக்கக் கூடாது."

குடும்பம் என்றால் என்னவென்று
அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.
ரத்தம் இல்லை, கூரை இல்லை,
ஒரே போட்டுக்குப் போகும் அண்ணன் தம்பி இல்லை.
அடுப்பு.

முதலில் பெயரை நீக்க வேண்டும்.
அமுலு, தேசிங்கு, பிள்ளை லோகித்
மூன்று பேருக்கும் எதிரே சின்னச் சின்னக் கட்டம்.
நீக்கக் காரணம் கேட்டது திரை.
பையன் 'குடும்பப் பிரிவு' என்பதைத் தொட்டான்.
அமுலு எட்டிப் பார்த்தாள்.
"செத்தாலும் இதே கட்டந்தானா தம்பி?"
சிரித்தோம். ரசீதுக்கு அறுபது ரூபாய்.

பத்துக்குப் பன்னிரண்டு அறை.
யார் வீட்டு மஞ்சள் நீராட்டோ, ஒரு ஃப்ளெக்ஸ் பேனரை
நடுவில் கயிறு போட்டுக் கட்டினோம்.
என் பக்கம் பூ ஜடையோடு சிரிக்கும் பெண்,
அமுலு பக்கம் வெள்ளை முதுகு.
கல்மண்டபத்தில் ஒற்றை பர்னர் அடுப்பு வாங்கினாள்.
அது முகம் பார்க்கிற மாதிரி பளபளத்தது.
"இத்த பாத்தா ஒடனே புடிச்சிடுவான்கா."
ராத்திரி ஒரு மணிக்கு
மண்ணெண்ணெய்த் திரி கொளுத்திப் புகை காட்டினோம்.
கரியைத் தொட்டுக் காலெல்லாம் தடவினோம்.
ஆயுசில் முதல் தடவை
வேண்டுமென்றே குழம்பைப் பொங்கி வழியவிட்டு
துடைக்காமல் படுத்தோம்.

விசாரணைக்கு வந்தவர் நெற்றியில் ஹெல்மெட் பதிந்திருந்தது.
ஏசி உண்டா, வரி கட்டுறவங்க உண்டா,
நாலு சக்கர வண்டி உண்டா.
"மீன்பாடி வண்டி சார். மூணு சக்கரம்."
இந்தப் பக்கம் ஒரு மூடி திறந்தார்,
பேனரைத் தூக்கிக் குனிந்துபோய்
அந்தப் பக்கம் ஒரு மூடி.
"ரெண்டுலயும் காரப்பொடியா?"
"ஒரே கடல்தானே சார்," என்றாள் அமுலு.
அவர் சிரிக்கவில்லை.
விரலால் அடுப்பைத் தொட்டார்,
விரலைப் பார்த்தார்,
கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே எழுதினார்.

ஏழு வாரத்தில் அட்டை வந்தது.
தலைவி என்று அமுலு படம்,
கண் மூடியிருந்தது.
இனிப்பு வாங்கப் பணமில்லை, நியாய விலைச் சர்க்கரையை
ஆளுக்கு ஒரு கை அள்ளிப் போட்டுக்கொண்டோம்.

பேனரை அவிழ்க்கலாம் என்றேன்.
"திரும்பி வந்து பாத்தான்னா?"
இருக்கட்டும் என்றேன்.
ஆடி போச்சு, புரட்டாசி போச்சு.
வெள்ளை முதுகில் லோகித் போட் வரைகிறானாம்,
அவனே சொன்னான்.
அந்தப் பக்கம் என்ன குழம்பு என்று
இப்போது மூக்கை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறேன்.

நேற்று கடையில் வரிசை.
எனக்கு விழுந்தது, பச்சை விளக்கு.
அமுலுவுக்கு விழவில்லை.
எறா உரித்து உரித்து ரேகை தேய்ந்த விரல்.
சேலையில் துடைத்து வைத்தாள், சிவப்பு.
எச்சில் தொட்டு வைத்தாள், சிவப்பு.
"கண்ணு மெஷின் ரிப்பேர். வேற மெம்பர் யாருனா இருக்காங்களா?"
தேசிங்கு கடலுக்குப் போய் ஒன்பது நாள்.
பிள்ளை ஸ்கூலில்.

பழக்கதோஷம்,
அவள் விரல் விழாத மாசமெல்லாம் வைத்த அதே கட்டைவிரலை
நீட்டி வைத்துவிட்டேன்.
"நீங்க இந்தக் கார்டுல இல்லியேம்மா."
பின்னால் யாரோ சீக்கிரம் என்றார்கள்.

ராத்திரி பருப்பை இறக்கிவிட்டு
அந்தப் பக்கம் லைட்டர் சொடுக்கும் சத்தத்துக்குக் காத்திருந்தேன்.
கேட்கவில்லை.
ரெண்டு தட்டோடு எழுந்து போனேன்.
பேனருக்கு அடியில் குனிய வேண்டியிருந்தது.